எலும்பைக் காப்பாத்துற ஊசியும் ஏர் டிக்கெட்டும்

எலும்புன்னு சொன்னாலே நம்ம வீடுகள்ல பேச்சு நேரா கால்சியத்துக்குப் போயிடும். பால் குடி, ராகி சாப்பிடு, இல்லேன்னா மாத்திரை போடு. தப்பில்லைங்க. ஆனா ஐம்பது வயசுக்கு மேல எலும்பு தேயுறதுக்கு கால்சியம் பத்தாக்குறை மட்டும் காரணமில்லை. ரத்தத்துலயும் எலும்பு மஜ்ஜையிலயும் இருக்கிற சில புரதங்களோட சண்டைதான் நிஜமான கதை. மாஸ்டர்ஸ்ல இந்த செமஸ்டர் முழுக்க இதையே படிச்சுக்கிட்டு இருக்கேன், உங்களையும் கொஞ்சம் படுத்தலாம்னு :-)

முதல்ல ஒரு சின்ன விஷயம். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்ல கால்சியம் பக்கத்துல 'கரெக்டட்'னு இன்னொரு எண் பார்த்திருப்பீங்க. ரத்தத்துல ஓடுற கால்சியத்துல கிட்டத்தட்ட 40 சதவீதம் அல்புமின்ங்கிற புரதத்தோட தோள்ல தொத்திக்கிட்டுதான் போகுது. அல்புமின் குறைஞ்சா மொத்த கால்சியமும் குறைஞ்ச மாதிரி தெரியும், அதைச் சரிக்கட்டத்தான் அந்த எண். அது நார்மலா இருந்தா எலும்பும் நார்மல்னு அர்த்தம் இல்லை. ரத்தத்துல குறைஞ்சா எலும்புலேர்ந்து எடுத்து உடம்பு நிரப்பிக்கும்.

எலும்பு சும்மா நிக்கிற தூண் இல்லை. ஒரு பக்கம் இடிக்கிற செல்கள் (ஆஸ்டியோகிளாஸ்ட்), இன்னொரு பக்கம் கட்டுற செல்கள் (ஆஸ்டியோபிளாஸ்ட்). ரெண்டும் தனித்தனியா வேலை பார்க்கலை, கட்டுற கொத்தனார்தான் இடிக்கிற ஆளுக்கும் உத்தரவு கொடுக்கிறார்னு 1981ல சொன்னவங்க ரெண்டு பேர். ஒருத்தர் கிடியன் ரோடன், இன்னொருத்தர் நம்ம மெல்போர்ன் ஜாக் மார்ட்டின். அந்த உத்தரவு எதுன்னு கண்டுபிடிக்க 1998 வரைக்கும் ஆச்சு. அதுதான் ராங்க்-எல் புரதம். அதுக்கு முந்தின வருஷமே அதோட எதிராளி ஆஸ்டியோபுரோடெஜரின் கிடைச்சிருந்தது. இது ராங்க்-எல்லை நடுவழியிலேயே பிடிச்சு வெச்சுக்கும், உத்தரவு போய்ச் சேராது. இதை அமெரிக்காவோட ஆம்ஜென்னும் ஜப்பான்ல ஸ்னோ பிராண்டும் தனித்தனியா கண்டுபிடிச்சாங்க. ஸ்னோ பிராண்ட் ஒரு பால் கம்பெனி! (பால் குடின்னு சொன்ன பாட்டிங்க ஜெயிச்சுட்டாங்க.)

மாதவிடாய் நின்னதும் ஈஸ்ட்ரோஜன் விழுது, ராங்க்-எல் கை ஓங்குது, இடிக்கிற வேலை கட்டுற வேலையை முந்திடுது. அவ்ளோதான். ரத்தத்துல ராங்க்-எல்லை அளந்து எலும்பு நிலவரம் சொல்ல முடியுமான்னு கேட்டா, முடியாது. சண்டை நடக்கிறது மஜ்ஜைக்குள்ள, ரத்தத்துல வர்றது வெறும் சிதறல். அதனாலதான் இன்னும் டெக்ஸா ஸ்கேன்.

ராங்க்-எல்லைப் பிடிச்சு வைக்கிற ஆன்டிபாடியைத்தான் டெனோசுமாப்னு ஊசியா போடுறாங்க, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை. 2009ல வந்த ஆய்வுல 60லேர்ந்து 90 வயசு வரைக்கும் 7,868 பெண்கள். மூணு வருஷத்துல முதுகெலும்பு முறிவு 68 சதவீதமும் இடுப்பு முறிவு 40 சதவீதமும் குறைஞ்சது. அருமையான மருந்து. ஆனா ஒரு கொக்கி இருக்கு, நான் எழுத உட்கார்ந்ததே அதுக்காகத்தான்.

செவன் ஹில்ஸ்ல நான் வாடகைக்கு இருக்கிற வீட்டு அம்மா யாழ்ப்பாணத்துக்காரங்க. இந்த ஊசி போட்டுக்கிறாங்க. டிசம்பர்ல ஊருக்குப் போய் மார்ச் கடைசியில திரும்புற மாதிரி டிக்கெட். அடுத்த ஊசி ஜனவரி நடுவுல. "ரெண்டு மாசம் பிந்தினா ஒண்டும் ஆகாதுதானே தம்பி, வந்து போடுறன்"னாங்க. மத்த எலும்பு மாத்திரையா இருந்தா பெருசா கவலைப்பட மாட்டேன், அதெல்லாம் எலும்புக்குள்ளயே படிஞ்சு வருஷக்கணக்குல கிடக்கும். இது அப்படி இல்லை. மருந்து தீர்ந்ததும் அடக்கி வெச்ச இடிப்பு வேலை மொத்தமா கிளம்பும். சிலருக்கு முதுகெலும்பு ஒண்ணு இல்லை, பல இடத்துல நொறுங்கியிருக்கு. நாலு வாரத்துக்கு மேல தள்ளாதீங்கன்னு டாக்டர்கள் சொல்றது அதனாலதான். நிறுத்தியே ஆகணும்னாலும் வேற மருந்து கொடுத்துத்தான் நிறுத்துவாங்க.

ஏன் இப்படிங்கிறதுக்கு ஒரு பதில் இங்க சிட்னியிலேயே கார்வன் இன்ஸ்டிட்யூட்ல 2021ல வந்தது. இடிக்கிற செல்கள் வேலை முடிஞ்சதும் செத்துப் போகும்னு நினைச்சிருந்தாங்க. உயிரோட இருக்கிற எலி எலும்பை மைக்ரோஸ்கோப்புல பார்த்தா, அதுங்க சின்னச் சின்னதா பிரிஞ்சு, சுத்தி வந்து, மறுபடி ஒண்ணு சேர்ந்து இடிக்குது. 'ஆஸ்டியோமார்ஃப்'னு பேர் வெச்சாங்க. ஊசி போட்டிருக்கிற வரைக்கும் அதுங்க குவிஞ்சு காத்துக்கிட்டு இருக்கலாம், விட்டதும் ஒண்ணா சேர்ந்துடலாம்ங்கிறது அவங்க விளக்கம்.

வீட்டம்மா டாக்டர்கிட்ட கேட்டுட்டு டிக்கெட்டை மாத்தி, ஊசி போட்ட அப்புறம் ஜனவரி கடைசியில கிளம்பினாங்க. பொங்கலுக்கு ஊர்ல இருக்க முடியலைன்னு ரெண்டு நாள் என்கிட்ட சரியா பேசலை :-(

இதே கார்வன்தான் 1989லேர்ந்து டப்போ ஊர்ல 60 வயசு தாண்டினவங்களைப் பின்தொடர்ந்து எலும்பு ஆய்வு நடத்தினது (டப்போன்னா நமக்கெல்லாம் மிருகக்காட்சி சாலைதான்). முறிவுக்கு அப்புறம் சாகிற ஆபத்து கூடுது, அதுவும் ஆம்பளைங்களுக்கு இன்னும் அதிகம்னு அங்கதான் தெரிஞ்சது. அப்பாக்களையும் விட்டுடாதீங்க. எனக்கு ஒரே ஒரு குறை, டப்போவுல இருந்தவங்க கிட்டத்தட்ட எல்லாருமே வெள்ளைக்காரங்க. வெயில் கொளுத்துற ஊர்லயும் வைட்டமின் டி குறைவா இருக்கிற நம்ம அம்மாக்களுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்துமான்னு எனக்கு சந்தேகம் உண்டு.

உங்க வீட்டுல யாராவது இந்த ஊசி போட்டுக்கிட்டு ஊருக்கும் இங்கயுமா அலையுறாங்களா? இந்தியாவுல பல கம்பெனிகள் இதே மருந்தைச் செய்யுறாங்க. அங்க போட்டுக்கிட்டு வந்தவங்க யாராவது இருந்தா, தேதியை எப்படி சமாளிச்சீங்கன்னு சொல்லுங்களேன்.