கூலண்ட் வாங்கும்போது நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

பண்டிகைக் காலத்தில் காலை நிகழ்ச்சி நடத்தும்போது போக்குவரத்து நிலவரத்தில் நான் அடிக்கடி வாசிப்பது, 'பழுதடைந்த வாகனம், இடது தடம் அடைபட்டுள்ளது' என்ற வரியைத்தான். ஈப்போவைத் தாண்டி மெனோரா சுரங்கப்பாதை ஏற்றத்திலும், பகாங் நோக்கிச் செல்லும் காராக் நெடுஞ்சாலையிலும், பானெட்டைத் திறந்து வைத்துவிட்டுக் குழந்தைகளுடன் சாலையோரம் நிற்கும் குடும்பங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

வண்டி வழியில் நிற்பதற்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. என்ஜின் கொதித்து நிற்பதை மட்டும் பெரும்பாலும் வீட்டு வாசலிலேயே தடுத்துவிடலாம். அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையும், சரியான திரவமும், காருடன் வந்த கையேடும் போதும்.

நம் நாட்டில் பனியே இல்லை, கூலண்ட் எதற்கு, தண்ணீர் போதாதா என்று நேயர்கள் கேட்பதுண்டு. கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் குளிர்நாடுகளில் நீர் உறையாமல் காக்கிறது. வெப்ப நாட்டில் அதே பொருள் கொதிநிலையை உயர்த்துகிறது. பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் ஏறக்குறைய 107 பாகை செல்சியஸில்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தமும் சேர்ந்தால் அது 120 பாகையைத் தாண்டும். அதோடு, துருவைத் தடுக்கும் வேதிப்பொருள்களும் அதில் இருக்கின்றன. குழாய்த் தண்ணீரில் அவை இல்லை. அதிலுள்ள உப்புகள் நாளடைவில் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் கெண்டியில் படிவதுபோலப் படிந்துவிடும்.

நிறம் சாயம் மட்டுமே

கடை அடுக்கில் பச்சை, சிவப்பு, இளஞ்சிவப்பு, நீலம் என்று வரிசையாக நிற்கும். பச்சைக்குப் பச்சை, சிவப்புக்குச் சிவப்பு என்று வாங்கிவிடுகிறோம். எங்கள் தாமானில் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் ஒருமுறை, "அண்ணே, சிவப்பு ஊத்தினா சரிதானே?" என்று கேட்டேன். "கலரைப் பார்க்காதீங்க தங்கச்சி. புத்தகத்துல என்ன எழுதியிருக்கோ அதை வாங்குங்க" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. நிறம் என்பது தயாரிப்பாளர் சேர்க்கும் சாயம். அதற்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது. தோயோத்தாவின் நீண்டகாலக் கூலண்ட் இளஞ்சிவப்பு, ஹோண்டாவுடையது நீலம். ஆனால் வேறொரு நிறுவனத்தின் இளஞ்சிவப்பில் முற்றிலும் வேறு கலவை இருக்கலாம். ஜப்பானிய நிறுவனங்கள் பொதுவாகச் சிலிக்கேட் இல்லாத, பாஸ்பேட் சேர்ந்த கலவையை விரும்புகின்றன. ஐரோப்பிய கார்கள் பலவற்றுக்கு இதற்கு மாறான கலவை வேண்டும். ஒத்துவராத இரண்டைக் கலந்தால் துருவைத் தடுக்கும் ஆற்றல் குறைந்துவிடும். சில நேரங்களில் குழம்புபோலத் திரண்டு குழாயையும் அடைத்துவிடும்.

வீட்டில் மாற்றும் முறை

முதலில், உங்கள் காருக்குக் கழுவல் தேவையா என்று பாருங்கள். பழைய கூலண்ட் தெளிவாக இருந்து, அதே வகையைத்தான் திரும்ப ஊற்றப் போகிறீர்கள் என்றால், வடித்துவிட்டுப் புதியதை நிரப்பினாலே போதும். பழுப்பாகவோ துருவேறியோ இருந்தாலும், முன்பு குழாய்த் தண்ணீர் ஊற்றியிருந்தாலும், எந்த வகை என்றே தெரியாவிட்டாலும் கழுவ வேண்டும்.

என்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். இரவு நிறுத்திய காரைக் காலையில் தொடுவதே நல்லது. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். இதில் விளையாட்டு வேண்டாம்.

1. ரேடியேட்டரின் அடியில் அகலமான பேசின் வையுங்கள். கீழேயுள்ள வடிகால் திருகைத் திறந்து, பிறகு மேல் மூடியைத் திறந்தால் நீர் சீராக வடியும். வடிந்த அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.
2. திருகை மூடி, காய்ச்சி வடித்த நீரை, அதாவது டிஸ்டில்ட் வாட்டரை நிரப்புங்கள். மூடியை மூடி, ரேடியேட்டர் விசிறி ஒருமுறை சுழன்று நிற்கும் வரை என்ஜினை ஓடவிடுங்கள். ஹீட்டர் உள்ள கார் என்றால் அதை முழுச் சூட்டில் வையுங்கள். கார் திறந்த வெளியில் நிற்கட்டும். என்ஜினை அணைத்த பிறகும் விசிறி தானாகச் சுழலக்கூடும், கையை அருகே கொண்டுபோகாதீர்கள்.
3. மீண்டும் நன்றாக ஆறவிட்டு வடியுங்கள். வடியும் நீர் தெளியும் வரை இதையே திரும்பச் செய்யுங்கள். சேமிப்புக் கலத்தையும் கழற்றிக் கழுவுங்கள்.

புதிய கூலண்ட் ஊற்றும்போது பலர் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. உங்கள் காரின் மொத்தக் கொள்ளளவு 5 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 3 லிட்டர்தான் வடிகிறது. மீதி 2 லிட்டர் கழுவிய நீர் என்ஜினுக்குள்ளேயே தங்கிவிடும். இப்போது பாதிக்குப் பாதி கலந்து விற்கும் கூலண்டை 3 லிட்டர் ஊற்றினால், உள்ளே சேரும் கிளைக்கால் 1.5 லிட்டர்தான். 50 விழுக்காடு இருக்க வேண்டியது 30 விழுக்காடாகிவிடும். அதனால் கழுவிய காருக்கு, கலக்காத அடர் கூலண்டை மொத்தக் கொள்ளளவில் பாதி, அதாவது 2.5 லிட்டர் ஊற்றிவிட்டு, எஞ்சிய இடத்தைக் காய்ச்சி வடித்த நீரால் நிரப்புங்கள். கொள்ளளவு கையேட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கும்.

கடைசியாகக் காற்றை வெளியேற்ற வேண்டும். ஆறிய என்ஜினில் மூடியைத் திறந்தபடி சில நிமிடம் ஓடவிட்டு, மேல் குழாயை மெல்ல அமுக்கினால் குமிழிகள் வெளிவரும். நீர்மட்டம் இறங்க இறங்க நிரப்பி, என்ஜின் சூடேறும் முன் மூடிவிடுங்கள். சேமிப்புக் கலத்தில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையில் இருக்கட்டும். அடுத்த சில நாள்கள் காலையில் ஒருமுறை எட்டிப் பாருங்கள். மட்டம் இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது என்று பொருள். ஹைபிரிட் கார்களுக்கும், காற்றை வெளியேற்றத் தனிக் கருவி கேட்கும் கார்களுக்கும் சேவை மையமே சரி.

பிரேக் திரவம்: பாருங்கள், நோண்டாதீர்கள்

நாம் 'பிரேக் ஆயில்' என்று சொன்னாலும் அது எண்ணெய் அல்ல. என்ஜின் எண்ணெயைத் தவறிச் சிறிது ஊற்றினாலும் பிரேக்கின் ரப்பர் பாகங்கள் ஊதிக் கெட்டுவிடும். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் ஊரின் புழுக்கம் அதற்கு நல்ல தீனி. புதிய டாட் 3 குறைந்தது 205 பாகை வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறியபின் அதற்கான வரம்பு 140 பாகைதான். டாட் 4 திரவத்துக்கு இதே அளவுகள் 230, 155. கேமரன் மலையிலிருந்தோ கெந்திங்கிலிருந்தோ பிரேக்கை மிதித்தபடியே இறங்கும்போது திரவம் கொதித்து ஆவியானால், மிதி தரைவரை போகும், கார் நிற்காது.

கலத்தின் மூடியிலேயே எந்த டாட் என்று எழுதியிருக்கும். டாட் 5 என்பது சிலிக்கோன் வகை, அதை மற்றவற்றோடு கலக்கவே கூடாது. பொதுவாக 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். மட்டத்தைப் பார்ப்பது நம் வேலை. மாற்றி, காற்றை வெளியேற்றுவதைப் பட்டறையில் விடுங்கள். அங்கே புதிய போத்தலை உங்கள் கண்முன்னே திறக்கச் சொல்லுங்கள்.

மற்ற திரவங்கள்

என்ஜின் எண்ணெயில், வெயில் ஊருக்குக் கெட்டியான எண்ணெய்தான் நல்லது என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. 0டபிள்யூ-20 கேட்கும் புதிய என்ஜினின் இடைவெளிகள் மெல்லிய எண்ணெய்க்கென்றே வடிவமைக்கப்பட்டவை. கையேடு அனுமதிக்கும் தரத்துக்குள் தேர்ந்தெடுங்கள். போலி எண்ணெயும் சந்தையில் உண்டு. விலை நம்ப முடியாத அளவுக்கு மலிவாக இருந்தால் நம்பாதீர்கள்.

கியர்பெட்டியை வீட்டில் தொட வேண்டாம். 2021-இல் வந்த பெரோடுவா அத்திவாவிலும் அதே ஆண்டு புதுப்பிக்கப்பட்ட மைவியிலும் உள்ள சிவிடி பெட்டிக்கு, சாதாரண ஆட்டோ கியர் எண்ணெய் ஒத்துவராது. மைவிக்கு ஸ்டீயரிங் எண்ணெயே தேவையில்லை, அது மின்சாரத்தில் இயங்குகிறது. வீரா, வாஜா வைத்திருப்பவர்கள் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வடித்ததை எங்கே ஊற்றுவது?

வீட்டு முன்னாலுள்ள சாக்கடையில் மட்டும் வேண்டாம். அது ஆற்றுக்குத்தான் போகிறது. கூலண்ட் இனிப்பான நஞ்சு. நாயும் பூனையும் நக்கிக் குடித்தால் சிறிதளவே உயிரைப் பறிக்கும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. ஆகவே அதைக் குடிநீர் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். கூலண்ட் வந்த கலனிலேயே ஊற்றி, பெயர் எழுதி, வாங்கிக்கொள்ளும் பட்டறையில் கொடுங்கள். பழைய என்ஜின் எண்ணெய், 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி எஸ்டபிள்யூ 305 என்ற குறியீட்டில் வரும் அட்டவணைக் கழிவு. அதையும் பட்டறையில் சேர்த்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும், ஒரு சிறு தாளில் கூலண்டின் பெயர், மாற்றிய தேதி, கிலோமீட்டர் மூன்றையும் எழுதிப் பானெட்டின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை வீட்டில் யார் அதைத் திறந்தாலும் என்ன வாங்குவதென்று தெரிந்துவிடும்.