இயலாதவற்றைக் கண்டறியும் ஆராய்ச்சி

பட்டப் படிப்பு முடிந்தபின் மேலும் சில ஆண்டுகள் ஒரே பொருளை ஆராய்ந்து டாக்டர் பட்டத்துக்கு ஆய்வுரை எழுதும் மாணவர் உண்மையில் யாது செய்கிறார் என்பது பலருக்கும் தெளிவாக விளங்குவதில்லை. புதியதொரு கருவியையோ கொள்கையையோ படைப்பதே அவர் கடமை என்று பொதுவாக எண்ணப்படுகிறது. ஆயினும், பெரும்பயன் விளைத்த ஆய்வுகள் பலவற்றில் முதற்பணி வேறாக இருந்திருக்கிறது. இயற்கையில் நிகழவே இயலாதவை எவை, இன்று தடையாக இருப்பினும் முயன்றால் நீக்கத்தக்கவை எவை என்று பிரித்தறிவதே அப்பணி. இப்பிரிவினை சரியாக அமைந்துவிட்டால், எஞ்சி நிற்கும் வழிகள் சிலவே ஆகும்; அவற்றினிடையே தேடுவது எளிது.

உயிர்ப் பௌதிகம், ஒளிவழிச் செய்திப் போக்குவரத்து, கட்டடக்கலை ஆகிய மூன்று துறைகளும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை போலத் தோன்றும். 1950-களிலும் 1960-களிலும் இம்மூன்றிலும் இளம் ஆராய்ச்சியாளர்கள் ஆற்றிய பணிகளை ஒப்புநோக்கினால், அவற்றில் ஒரே முறை கையாளப்பட்டிருப்பதைக் காணலாம். முடிவுகள் மட்டும் வேறுபட்டன. அவ்வேறுபாடும் அறியத்தக்கதே.

புரதச் சங்கிலியின் திருப்பங்கள்

புரதம் என்பது அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று கோக்கப்பெற்ற நீண்ட சங்கிலி. குருதியில் பிராணவாயுவைச் சுமப்பதும், உணவைச் செரிக்கச் செய்வதும், தோலுக்கு உறுதியளிப்பதும் அச்சங்கிலி மடியும் வகையைப் பொறுத்தவை.

1952 ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக் கழகத்தின் பௌதிகத் துறைத் தலைவராகப் பொறுப்பேற்ற ஜி. என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜென் என்னும் புரதம் மூன்று சங்கிலிகள் முறுக்கிக்கொண்ட அமைப்புடையது என்று 1954, 1955 ஆம் ஆண்டுகளில் எடுத்துரைத்தார். அவ்வமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்று மேல்நாட்டு ஆராய்ச்சியாளர் குறை கூறினர். இக்குறையை எடைபோட வேண்டுமாயின், ஒன்றோடொன்று பிணைப்பில்லாத இரு அணுக்கள் எவ்வளவு தூரம் நெருங்கலாம் என்பது முதலில் தெரிதல் வேண்டும். ராமச்சந்திரனும் அவருடைய மாணவர்களும், அதுவரை வெளிவந்திருந்த படிக ஆய்வுகளில் காணப்பட்ட தூரங்களைத் தொகுத்து, ஒவ்வொரு வகை அணு இணைக்கும் இரண்டு வரம்புகளை வகுத்தனர். கார்பன் அணுக்கள் இரண்டு சாதாரணமாக 3.2 ஆங்ஸ்ட்ராமுக்குக் குறைவாக நெருங்குவதில்லை. மிக நெருங்கினாலும் 3.0 ஆங்ஸ்ட்ராமுக்கு உட்செல்வதில்லை. ஹைட்ரஜன் அணுக்களுக்கு இவ்வரம்புகள் முறையே 2.0, 1.9 ஆகும். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு.

அடுத்தடுத்த இரு அமினோ அமிலங்களை இணைக்கும் பகுதி ஒரு தட்டைப் பலகையைப் போன்றது, எளிதில் வளையாது. இரு பலகைகள் கூடுமிடத்தில் ஒரு கார்பன் அணு உள்ளது. அதன் இருபுறமும் உள்ள பலகைகள் ஒவ்வொன்றும் தத்தம் பிணைப்பை அச்சாகக் கொண்டு சுழலக்கூடும். ஆகவே, அவ்விடத்துத் திருப்பத்தை ஃபை, ப்ஸை என்னும் கிரேக்க எழுத்துகளால் குறிக்கப்படும் இரண்டே கோணங்களால் கூறிவிடலாம். 10 பாகைக்கு ஒரு நிலை எனக் கொண்டாலும், 36-ஐ 36-ஆல் பெருக்க 1,296 நிலைகள் உண்டாகும். ஒவ்வொரு நிலையிலும் அணுக்களிடைத் தூரங்களைக் கணக்கிட்டு, வரம்பை மீறும் நிலைகளை விலக்கிவிட்டால், இயலக்கூடியவை தாமே எஞ்சி நிற்கும்.

அக்காலத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த சி. ராமகிருஷ்ணன் மேசைக் கணக்குப் பொறியைத் துணைகொண்டு இக்கணக்குகளைச் செய்தார். அவரும் வி. சசிசேகரனும் ராமச்சந்திரனும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1963 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர்கள் வரைந்த படத்தில் பெரும்பாலான அமினோ அமிலங்களுக்கு நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்ட பரப்பு விலக்கப்பட்ட பகுதியாயிற்று. அதற்குமுன் அறியப்பட்டிருந்த சுருள் அமைப்பும் தாள் அமைப்பும் எஞ்சிய சிறு பகுதிகளுக்குள் சரியாகப் பொருந்தின. கட்டமைப்பு அறியப்பட்ட புரதங்களின் எண்ணிக்கை விரல்விட்டு எண்ணத்தக்கதாயிருந்த காலத்தில் வரையப்பட்ட படம் இது. 1971 ஆம் ஆண்டில் 7 கட்டமைப்புகளுடன் தொடங்கிய உலகப் புரதக் கட்டமைப்புத் தொகுப்பில் இன்று இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவை உள்ளன. புதிதாகக் கண்டறியப்படும் அமைப்பு சரியானதா என்று சோதிக்க ராமச்சந்திரன் படமே இன்றும் பயன்படுகிறது.

கண்ணாடியின் குற்றமா, கறையின் குற்றமா?

கண்ணாடி இழையின் ஒரு முனையில் புகும் ஒளி, இழையின் சுவரில் படுந்தோறும் முழு அகப் பிரதிபலிப்பு அடைந்து, இழை வளையும் வழியே சென்று மறுமுனையில் வெளிப்படும். பஞ்சாபிலுள்ள மோகா என்னும் ஊரிற் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹெரால்ட் ஹாப்கின்ஸிடம் ஆராய்ச்சி மாணவராயிருந்தபோது, இத்தகைய இழைகளின் கற்றை வழியே ஓர் உருவத்தை அனுப்பிக் காட்டினார். அவ்விருவர் கட்டுரை 1954 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. உடலின் உட்பகுதிகளை நோக்கும் மருத்துவக் கருவிகள் செம்மையடைய இம்முறை வழிவகுத்தது. ஆயினும், தொலைதூரச் செய்திக்கு இழை பயன்படும் என்று அக்காலத்தில் நம்பியவர் சிலரே.

இதன் காரணம் எளிய கணக்கில் விளங்கும். ஒளியின் இழப்பு டெசிபெல் என்னும் அலகால் அளக்கப்படுகிறது. 20 டெசிபெல் இழப்பு ஏற்பட்டால், புகுந்த ஒளியில் நூற்றில் ஒரு பங்கே எஞ்சும். 1960-களின் நடுவில் கிடைத்த கண்ணாடி இழைகளில் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1,000 டெசிபெல் இழப்பு இருந்தது. 20 மீட்டர் செல்வதற்குள் ஒளி நூற்றில் ஒரு பங்காகிவிடும் என்பது இதன் பொருள்.

ஷாங்காயிற் பிறந்த சார்ல்ஸ் காவ், இங்கிலாந்தில் ஹார்லோ நகரிலிருந்த தொலைத்தொடர்பு ஆய்வகமொன்றில் பணிபுரிந்துகொண்டே லண்டன் பல்கலைக் கழகத்தில் 1965 ஆம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றார். இவ்விழப்பு கண்ணாடியின் இயல்பா, அல்லது அதில் கலந்துள்ள வேற்றுப் பொருளின் விளைவா என்பதே அவர் எழுப்பிய வினா. இழப்பை அவர் இருவகையாகப் பிரித்தார். கண்ணாடியின் நுண்ணமைப்பிலுள்ள ஒழுங்கின்மையால் ஒளி சிதறுவது முதல்வகை; அது நீக்க இயலாதது, ஆனால் மிகச் சிறியது. இரும்பு முதலிய கலப்புப் பொருள்கள் ஒளியை உறிஞ்சுவது இரண்டாம் வகை. அது பெரியது, ஆனால் நீக்கத்தக்கது. ஜன்னல் கண்ணாடி முகப்பில் நிறமற்றதாகவும் விளிம்பின் வழியே நோக்கினால் பச்சையாகவும் தோன்றுவது இரும்புக் கலப்பினாலேயே. ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம்.

இழப்பைக் கிலோமீட்டருக்கு 20 டெசிபெலாகக் குறைத்துவிட்டால் இழைவழிச் செய்தி கைகூடும் என்று காவும் ஜார்ஜ் ஹாக்கமும் 1966 ஆம் ஆண்டில் எழுதினர். அமெரிக்காவிலுள்ள கார்னிங் நிறுவனத்தார் 1970 ஆம் ஆண்டில் அவ்வெல்லையைக் கடந்தனர். 1979 ஆம் ஆண்டில் ஜப்பானில் 0.2 டெசிபெல் எட்டப்பட்டது. நூற்றில் ஒரு பங்கு எஞ்சும் தூரம் இவ்வாறு 20 மீட்டரிலிருந்து 1 கிலோமீட்டராகவும், பின்னர் 100 கிலோமீட்டராகவும் நீண்டது. அட்லாண்டிக் கடலைக் கடந்த முதல் ஒளியிழைத் தொடர் 1988 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. காவுக்கு 2009 ஆம் ஆண்டில் நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது. நம் நாட்டில் கிராமப் பஞ்சாயத்துகளை இணைக்க 2011 ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத் நெட் எனப் பெயர் பெற்ற திட்டத்தில் இடப்படும் இழைகளும் இவ்வாராய்ச்சியின் வழிவந்தவையே.

ஒரு கிராமத்தின் 141 தேவைகள்

மூன்றாவது எடுத்துக்காட்டு மேற்கூறிய இரண்டினும் கடினமானது. ஏனெனில் இங்கே ஆராயப்படுவது மக்கள் வாழும் ஊர். கேம்பிரிட்ஜில் கணிதமும் கட்டடக்கலையும் பயின்ற கிறிஸ்டபர் அலெக்ஸாண்டர், அமெரிக்காவிலுள்ள ஹார்வர்ட் பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டத்துக்காகச் செய்த ஆராய்ச்சி 1964 ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. குஜராத்தில் ஒரு சிற்றூரில் தங்கி அங்குள்ள வாழ்க்கையை அவர் நேரிற் கண்டவர். 600 மக்கள் வாழும் ஓர் இந்திய விவசாயக் கிராமத்தைத் திருத்தியமைப்பதே அந்நூலில் அவர் எடுத்துக்கொண்ட மாதிரிக் கணக்கு.

நல்ல கிராமம் எது என்று வரையறுப்பது அரிது. ஆனால் எங்கே பொருத்தமின்மை உள்ளது என்பதைக் கண்டவுடன் கூறிவிடலாம் என்பது அவர் கொள்கை. சாதி, விவசாயம், கால்நடை, நீர், போக்குவரத்து, கல்வி, சுகாதாரம் முதலிய தலைப்புகளில், நிறைவேறாவிடில் ஊருக்கு ஊறு விளைக்கும் 141 தேவைகளை அவர் பட்டியலிட்டார். இவற்றை இரண்டிரண்டாக இணைத்தால் 9,870 இணைகள் உண்டாகும். எந்த இணைகள் ஒன்றையொன்று பாதிக்கின்றன என்று குறித்து, மின்னணுக் கணிப்பொறியின் துணையால், நெருங்கிய தொடர்புடைய தேவைகளைத் தொகுதிகளாகப் பிரித்தார். கால்நடையும் வண்டியும் எரிபொருளும் ஒரு பெருந்தொகுதி. விளைச்சலும் பாசனமும் விநியோகமும் மற்றொன்று. ஊர்ப் பொதுவாழ்வு மூன்றாவது. குடும்ப வாழ்வும் குடியிருப்பும் நான்காவது. இவை நான்கும் 12 சிறு தொகுதிகளாகப் பிரிந்தன. ஒவ்வொரு சிறு தொகுதிக்கும் தனித்தனியே அமைப்பு வகுத்து, பின்னர் அவற்றைச் சேர்த்தால் முழுக் கிராமத்தின் அமைப்பும் கிடைக்கும் என்பது எதிர்பார்ப்பு.

இம்முறையின் குறையை எடுத்துக்காட்டியவரும் அலெக்ஸாண்டரே. 1965 ஆம் ஆண்டில் எழுதிய "நகரம் மரமன்று" என்ற கட்டுரையில், இயல்பாக வளர்ந்த ஊரின் பகுதிகள் மரத்தின் கிளைகளைப் போலத் தனித்தனியே பிரிந்து செல்வதில்லை, ஒன்றன்மேல் ஒன்று படிந்து நிற்கின்றன என்று அவர் வாதித்தார். ஊர்க் கிணற்றை நோக்கினால் இது விளங்கும். அது குடிநீர் தரும் இடம். கால்நடை நீர் அருந்தும் இடம். பெண்கள் கூடிப் பேசும் இடம். யார் இறைக்கலாம், யார் இறைக்கலாகாது என்ற சாதிக் கொடுமை வெளிப்பட்ட இடமும் அதுவே. அதனை ஒரு தொகுதிக்குள் அடைத்துவிட்டால் மற்ற மூன்றும் மறக்கப்படும். 1971 ஆம் ஆண்டில் தம் நூலின் மறுபதிப்புக்கு எழுதிய முன்னுரையில், வடிவமைப்பு முறைகளை ஆராய்வதையே தனித் துறையாக்குவதை அவர் மறுத்தார்.

வரம்பும் சோதனையும்

புரத ஆய்வில் விலக்கின் அளவுகோலை இயற்கையே தந்தது. அணுக்கள் எவருடைய விருப்பத்துக்காகவும் அதற்கு மேல் நெருங்குவதில்லை. கண்ணாடி ஆய்வில் விலக்க இயலாத இழப்பும் விலக்கத்தக்க இழப்பும் அளவையால் பிரிக்கப்பட்டன. கிராம ஆய்வில் பட்டியலும் தொடர்புகளும் ஆராய்ச்சியாளரின் தீர்ப்பைச் சார்ந்தவை; கணிப்பொறி அத்தீர்ப்பைப் பகுத்துத் தந்ததேயன்றி, அதன் உண்மையை உறுதி செய்யவில்லை. முதலிரண்டு முடிவுகளும் பின்வந்த சோதனைகளில் நிலைபெற்றன. மூன்றாவதைச் சோதித்துத் திருத்தும் நேர்மை ஆராய்ந்தவரிடமே இருந்தது. டாக்டர் பட்டப் பயிற்சியின் பயன் இதுவே எனலாம்.

களப்பணியாளர் ஒருவர் தம் வட்டாரத்துக் கிராமத்தில் 20 குறைகளைக் குறித்துக்கொண்டால், ஆராய வேண்டிய இணைகள் 190. அவற்றை ஒரு கட்டத் தாளில் எழுதி, ஒன்றையொன்று தொடும் இணைகளுக்கு மட்டும் புள்ளியிடுவது ஒரு மாலைப் பொழுதின் வேலை. அதிகப் புள்ளிகள் பெற்ற குறையைத் திருத்தப் புகுமுன், அதனோடு தொடர்புடைய மற்றவை யாவை என்பது அத்தாளிலேயே தெரிந்துவிடும். எந்தப் புள்ளி தவறானது என்பதை அவ்வூர் மக்களே கூறுவர். ஆதலால், திட்டம் வகுக்குமுன் அத்தாளை அவர்களிடம் காட்டுதல் நலம்.