தைப்பூச வெயிலும் பழைய பேலரும்

தைப்பூசத்துக்கு முதல் நாள் விடியற்காலையில், பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து நகரத்தார் வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் புறப்படும். 1894 முதல் ஓடும் அந்த ரதத்தில் காளைகளைப் பூட்டுவது வழக்கம். முருகனைக் கும்பிட்ட கையோடு என் சித்தப்பா காளைகளின் விலாவையும் தோலின் பளபளப்பையும் பார்ப்பார். செபராங் பிறையில் மாடு வளர்ப்பவர் அவர். “நல்லா காஞ்ச தீனி தின்ன மாடுடா இது” என்பார். அப்புறம் அண்ணாந்து வானத்தைப் பார்ப்பார். தைப்பூசத்தை ஒட்டிய அந்தச் சில வாரங்களை விட்டால், எங்கள் பக்கம் வைக்கோல் கட்ட நல்ல காலம் அந்த ஆண்டில் மறுபடி அமைவது அரிது.

தையில் பினாங்கு காய்வதற்குக் காரணம் மலை. வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தான், திரங்கானு கரையில் மழையைக் கொட்டுகிறது. தித்திவங்சா மலைத்தொடரைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது அதில் ஈரம் குறைந்திருக்கும். பினாங்கு, கெடா, பெர்லிஸ் மூன்றும் அந்த மலையின் மறைவில் இருக்கின்றன. காவடி எடுப்பவர்களின் பாதம் தார்ச்சாலையில் சுடுவதும் அதனால்தான். கெடாவிலும் பெர்லிஸிலும் சுமார் ஒரு லட்சம் ஹெக்டேர் பரப்புள்ள மூடா பாசனப் பகுதியில் பெரும்போக அறுவடை நடப்பதும் ஏறத்தாழ இதே நாட்களில்தான்.

“வெயில நம்பாதடா, காத்தப் பாரு.” பேலர் எனும் வைக்கோல் கட்டும் இயந்திரத்தைப் பழையதாக வாங்கி நாங்கள் அதில் பழகிய முதல் ஆண்டில் சித்தப்பா சொன்னது இது. கட்டுகள் கெட்டுப்போன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

வெட்டிய பச்சைப் புல்லில் ஏறத்தாழ 80 விழுக்காடு தண்ணீர். பூசணம் பிடிக்காமல் கட்டி அடுக்க வேண்டுமானால் அது 15 விழுக்காட்டுக்கு இறங்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 கிலோ பச்சைப் புல்லில் உலர்ந்த பொருள் 200 கிலோ. 15 விழுக்காடு ஈரத்தோடு அது 235 கிலோ வைக்கோலாகும். மீதி 765 கிலோ தண்ணீர் ஆவியாகப் போக வேண்டும். மின்சாரத்தால் ஆவியாக்கினால் 500 யூனிட்டுக்கு மேல் செலவாகும். அவ்வளவு வெப்பத்தையும் சூரியன் இலவசமாகத் தருகிறது. ஆனால் கிளம்பிய ஆவியை வாங்கிக்கொள்ளக் காற்றில் இடம் வேண்டும். பினாங்கின் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

காற்றின் ஈரப்பதத்துக்கு ஏற்ப வைக்கோல் ஓர் ஈர அளவில் போய் நின்றுவிடும். காற்றில் ஈரப்பதம் 60 விழுக்காடாக இருந்தால் வைக்கோல் சுமார் 12 வரை இறங்கும். 70 என்றால் சுமார் 16. 80 என்றால் 21-ஐ ஒட்டி நின்றுவிடும். பத்து நாள் கிடந்தாலும் அதற்குக் கீழே இறங்காது. 90-க்கு மேல் போனால் காய்ந்த வைக்கோலே காற்றிலிருந்து தண்ணீரை நன்றாகக் குடிக்கும். எங்கள் ஊரில் பெரும்பாலான இரவுகள் 90-ஐத் தாண்டும். பகல் முழுதும் உலர்ந்தது பொழுது விடிவதற்குள் பாதி திரும்பிவிடுகிறது. அதனால்தான் சாயங்காலம் பனி இறங்குமுன் பரப்பிய வைக்கோலை வரிசை வரிசையாக வாரிக் குவிக்கிறோம். குவித்தால் பனி படும் பரப்பு குறைகிறது. மறுநாள் பனி உலர்ந்ததும் மறுபடி உதறிப் பரப்புகிறோம். பிற்பகல் இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவேதான் காற்று மிக வறண்டிருக்கும், கட்டும் நேரம் அதுதான்.

புல் காய்வதும் ஒரே சீராக நடப்பதில்லை. வெட்டிய சில மணி நேரம் இலைத்துளைகள் திறந்திருக்கும், தண்ணீர் வேகமாக வெளியேறும். பிறகு அவை மூடிக்கொள்ளும். அதன் பின் தண்டின் மெழுகுப் படலத்தைத் தாண்டித்தான் தண்ணீர் கசிய வேண்டும். நேப்பியர் புல்லில் இதுதான் வினை. இலை காய்ந்து நொறுங்கும், விரல் தடிமனுள்ள தண்டின் உள்ளே ஈரம் அப்படியே நிற்கும்.

முதல் ஆண்டு நாங்கள் கட்டியது நேப்பியரைத்தான். மூன்று நாள் நல்ல வெயில். மேலே தொட்டால் சரசரவென்று இருந்தது. ஆசையோடு கட்டி, கொட்டகையில் இடைவெளியில்லாமல் அடுக்கினோம். ஒரு வாரத்தில் சுருட்டுப் புகையிலையை நினைவூட்டும் ஒரு வாடை. சித்தப்பா நீண்ட இரும்புக் கம்பியை அடுக்கின் நடுவே செருகி, சிறிது நேரம் கழித்து உருவினார். அதைக் கையில் பிடிக்க முடியவில்லை. அன்றிரவே எல்லாக் கட்டுகளையும் வெளியே இழுத்துப் போட்டுப் பிரித்தோம். உள்ளே பழுப்பும் வெள்ளைப் பூசணமுமாக இருந்தது. மாட்டுக்கு அதில் ஒரு வாய்கூடப் போடவில்லை.

ஈரத்தோடு கட்டிய புல்லில் நுண்ணுயிர்கள் மூச்சுவிட்டுப் பெருகுகின்றன. அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். ஏறத்தாழ 70 பாகை செல்சியஸில் நுண்ணுயிர்கள் மடிந்துவிடும். ஆனால் ஆபத்து அத்தோடு முடிவதில்லை. அதற்குள் புல்லே ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து சூடேறத் தொடங்கியிருக்கும். கட்டிச் சில வாரங்கள் கழித்து, யாரும் நெருப்பு வைக்காமலே தீப்பிடிப்பது இப்படித்தான். பூசணத் தூளை மூச்சில் இழுப்பவர்களுக்கு ‘உழவர் நுரையீரல்’ என்ற நோய் வரலாம். அந்தக் கட்டுகளைப் பிரிக்கும்போது மூக்கில் துணி கட்டாமல் இருந்தோம், அது தவறு.

அதன் பிறகு நேப்பியரைக் காய வைக்கும் எண்ணத்தை விட்டோம். அரை நாள் வாடவிட்டு, பொடியாக நறுக்கி, மூடி இறுகும் பிளாஸ்டிக் பீப்பாயில் காற்றுப் புகாமல் அமுக்கி ஊறுபுல்லாக்குகிறோம். லாக்டிக் அமிலம் அதைக் காக்கிறது. மழைநாட்டுக்கு ஏற்ற வழி அதுதான் என்பது என் முடிவு. பேலருக்கு வைத்துக்கொண்டது நெல் வைக்கோலை.

நெல் வைக்கோல் மெல்லியது, உள்ளே குழாய்போல் வெற்றிடம் உள்ளது. அறுவடையின்போது பாதிக்கு மேல் ஈரம் இருந்தாலும் சீக்கிரம் காய்ந்துவிடும். நாங்கள் கற்ற முக்கியமான பாடம் அரிதாளைப் பற்றியது. அறுவடை இயந்திரம் ஒரு சாண் உயரம் தாள் விட்டு அறுத்தால், விழும் வைக்கோல் அந்தத் தாளின்மேல் மெத்தைபோல் கிடக்கும். அடியிலும் காற்று ஓடும். சக்கரம் மிதித்துச் சேற்றில் அமுங்கியதைத் தொடவே கூடாது. ஒரு கைப்பிடி ஈர வைக்கோல் ஒரு கட்டையே கெடுத்துவிடும். ஈரம் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. வைக்கோலைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒரு கண்ணாடிப் போத்தலில் ஒரு கரண்டித் தூள் உப்போடு போட்டுக் குலுக்குங்கள். உப்பு உதிரியாக இருந்தால் கட்டலாம், கட்டியானால் இன்னொரு நாள் காயட்டும்.

நெல் வைக்கோலில் புரதம் 3 முதல் 5 விழுக்காடுதான், மணல்சத்தான சிலிக்கா அதிகம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 முதல் 65 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப்புகாமல் 21 நாள் மூடி வைத்தால் செரிமானமும் புரதமும் கூடும். போடும் முன் பிரித்து ஆறவிட வேண்டும். கன்றுகளுக்குத் தரக்கூடாது. பசுந்தீவனத்தோடு சேர்த்தால் சித்தப்பாவின் ஒன்பது மாட்டுக்கும் வயிறு நிறைகிறது.

இனி அந்தப் பேலர். ஜப்பானில் உழைத்து ஓய்ந்து கப்பலேறி வந்தது, டிராக்டரும் அப்படியே. ஓட்டிய முதல் நாளில் ஐந்து கட்டுக்கு இரண்டு அவிழ்ந்து விழுந்தன. ஏமாந்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். ஆனால் குற்றம் முழுவதும் முடிச்சுப் போடும் பகுதியில் இருந்தது. அதைப் புரிந்துகொண்ட மத்தியானத்தை என்னால் மறக்க முடியாது. எஞ்சினை அணைத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்த்தோம். ஊசி கயிற்றைக் கட்டின் கீழிருந்து மேலே கொண்டு வருகிறது. ஒரு வட்டத் தகடு இரண்டு கயிற்று முனைகளையும் கவ்விக்கொள்கிறது. கிளிமூக்கு மாதிரி ஒரு கொக்கி ஒரு முழுச் சுற்றுச் சுழன்று, கயிற்றைத் தன்மேல் வளையமாகச் சுற்றிக்கொண்டு, வாயைத் திறந்து முனைகளைக் கடிக்கிறது. கத்தி அறுக்கிறது. ஒரு கை வளையத்தைக் கொக்கியின்மேல் உருவித் தள்ள, முடிச்சு இறுகுகிறது. விஸ்கான்சின் மாநிலத்து ஜான் ஆப்பிள்பி 1858இல், 18 வயதில் இந்த யோசனைக்கு வடிவம் கொடுத்தார். காப்புரிமை பெற அவருக்கு மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. இன்றைய கட்டு இயந்திரங்களும் அடிப்படையில் அந்த முடிச்சைத்தான் போடுகின்றன.

எங்கள் கொக்கியில் துரு படிந்திருந்தது, வளையம் வழுக்கி உருவவில்லை. உப்புத்தாளால் கண்ணாடிபோல் தேய்த்தோம், கத்தியைத் தீட்டினோம், அந்த இயந்திரத்துக்கு ஏற்ற தடிமனில் கயிறு வாங்கினோம். அறுந்து விழுந்த கயிற்றைத் தூக்கி எறியாதீர்கள். முடிச்சு ஒரு முனையில் மட்டும் இருந்தால் மறு முனையைக் கொக்கி தவறவிட்டது என்று பொருள். முனை பிய்ந்திருந்தால் கத்தி மழுங்கல். பழைய இயந்திரம் தன் நோயைத் தானே எழுதிக் காட்டுகிறது, படிக்கத் தெரிந்தால் போதும்.

ஒன்றை மட்டும் நாங்கள் வாங்கும்போதே கவனித்திருக்க வேண்டும். டிராக்டரிலிருந்து பேலருக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டின் மேல் பிளாஸ்டிக் உறை இல்லை. பழைய இயந்திரங்களில் முதலில் உடைந்து காணாமற்போவது அதுதான். அந்தத் தண்டு நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுழல்கிறது, அதாவது நொடிக்கு ஒன்பது. சட்டை நுனியோ துண்டோ அதில் சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரமே கிடையாது. சித்தப்பா கட்டியிருந்த கைலியின் ஓரம் ஒரு முறை அதன் பக்கத்தில் பறந்ததைப் பார்த்தேன். அன்று வேலையை நிறுத்தி, புது உறை வந்து மாட்டும்வரை நாங்கள் எஞ்சினை முடுக்கவில்லை. இரண்டு வெயில் நாட்கள் வீணாயின.

பழைய பேலர் வாங்கப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கயிறு வாங்கும் முன் அந்த உறையை வாங்குங்கள்.