சோயாத் தீவனமும் சல்மன் மீனின் முள்ளந்தண்டும்

நோர்வேப் பண்ணைகளில் வளரும் அத்திலாந்திக் சல்மன் மீன்களில் சில, முள்ளந்தண்டு நெருக்குண்டு, உடல் கட்டையாகிப் போகின்றன. முட்டைப் பருவத்தில் நீரின் வெப்பநிலை, மிக வேகமான வளர்ச்சி, கனியுப்புக் குறைபாடு எனப் பல காரணங்கள் உண்டு. நான் இங்கே பின்தொடர்வது ஒரேயொரு கேள்வியை: தீவனம் மீனின் குடலைக் கெடுத்தால் எலும்புக்கு என்ன ஆகும்?

சல்மன் ஓர் ஊனுண்ணி. 1990இல் நோர்வேயின் சல்மன் தீவனத்தில் சுமார் 90 சதவீதம் மீன்மாவும் மீனெண்ணெயுமாக இருந்தது. 2013இல் அது சுமார் 30 சதவீதமாகியது. மிகுதி இடத்தைச் சோயா போன்ற தாவரப் பொருட்கள் பிடித்தன. கடலின் சிறுமீன்களை அரைத்துப் பண்ணை மீனுக்குப் போடுவதைக் குறைத்ததால், இது தேவையான மாற்றமே.

ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. சாதாரண சோயாமாவை உண்ட சல்மனின் பின்குடலில் அழற்சி உண்டாவதை 1996இல் நோர்வே ஆய்வாளர்கள் விரிவாகப் பதிவு செய்தனர். உணவை உறிஞ்சும் குடல் மடிப்புகள் குட்டையாகின்றன. அழற்சிக் கலங்கள் அங்கே குவிகின்றன. சோயாவிலுள்ள சப்போனின் இதில் முக்கிய குற்றவாளி.

எலும்புக்குக் கல்சியமும் பொசுபரசும் வேண்டும். கல்சியத்தை மீன் பூக்கள் வழியாக நீரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பொசுபரசு அப்படியல்ல, பெரும்பாலும் உணவிலிருந்து, குடல் வழியாகத்தான் வரவேண்டும். சோயாவிலோ பொசுபரசின் பெரும்பங்கு பைற்றேற்று என்ற வடிவில் கட்டுண்டு கிடக்கிறது. அதை உடைக்கும் நொதியம் மீனிடம் போதியளவு இல்லை. இருக்கிற கொஞ்சத்தையும் உறிஞ்சவேண்டிய குடல் புண்பட்டால், இழப்பு இரட்டிப்பாகலாம்.

இன்னொரு வழியும் உண்டு. குரோன் நோய் போன்ற நீண்டகாலக் குடல் அழற்சி உள்ள மனிதர்களின் எலும்பு மெலிவது மருத்துவர்கள் அறிந்தது. அழற்சியின்போது வெளியாகும் சமிக்ஞைப் புரதங்கள், எலும்பை அரிக்கும் கலங்களைத் தூண்டுகின்றன. அத்தகைய கலங்களும் சமிக்ஞைகளும் மீன்களிலும் உள்ளன.

தீர்வு சோயாவைக் கைவிடுவதல்ல. அற்ககோலால் கழுவிச் சப்போனின் நீக்கிய சோயாப் புரதச் செறிவு இன்று பயன்பாட்டில் உள்ளது. பைற்றேசு நொதியமோ பொசுபரசு உப்போ தீவனத்தில் சேர்க்கலாம். சோயாமாவை நிறுத்தினால் குடல் சுமார் 3 வாரங்களில் தேறிவிடும். ஒன்றோடொன்று ஒட்டிப்போன முள்ளெலும்புகளோ திரும்பப் பிரிவதில்லை. ஆகவே தீவனத்தில் எத்தனை சதவீதம் புரதம் என்பதோடு, அது எதிலிருந்து வந்தது, எப்படிப் பதப்படுத்தப்பட்டது என்பதையும் மீன் வளர்ப்பவர் கேட்டாகவேண்டும்.