கார் நிலைக்கும், சிக்னல் நிலைக்காது

டெஸ்லாவின் முதல் கார் ரோட்ஸ்டர். 2008 முதல் 2012 வரை உலகம் முழுக்க விற்றது சுமார் 2,450 மட்டுமே. இன்றைய டெஸ்லாக்காரர் படுக்கையில் இருந்தபடியே போனில் சார்ஜ் நிலவரம் பார்க்கிறார். அன்று ரோட்ஸ்டர் வாங்கியவருக்கு அந்த வசதி கிடையாது. சார்ஜ் ஏறுகிறதா, பாதியில் நின்றுவிட்டதா என்று பார்க்க ஷெட்டுக்குத்தான் போக வேண்டும்.

கம்பெனி தரவில்லை என்றதும் கார்க்காரர்கள் சிலரே செய்துகொண்டார்கள். 2011 வாக்கில் உருவான அந்தக் கருவிக்கு ‘ஓப்பன் வெஹிக்கிள் மானிட்டரிங் சிஸ்டம்’ என்று பெயர், சுருக்கமாக ஓவிஎம்எஸ். சர்க்யூட் படமும் மென்பொருளும் பொதுவில் வைக்கப்பட்டன. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம்.

அன்றைய பெட்டி எளிமையானது. 96 கிலோபைட் நினைவகம் கொண்ட ஒரு பிஐசி சிப், ஒரு 2ஜி மோடம், ஒரு சிம். பதிவுசெய்த போனிலிருந்து ‘ஸ்டாட்’ என்று எஸ்எம்எஸ் அனுப்பினால், பேட்டரி எத்தனை சதவீதம், இன்னும் எவ்வளவு தூரம் ஓடும் என்று பதில் வரும்.

இந்தத் தகவல் எங்கிருந்து கிடைக்கிறது? காருக்குள் இருக்கும் கணினிகள் ‘கேன் பஸ்’ என்ற பொதுக் கம்பியில் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண், உள்ளே அதிகபட்சம் எட்டு பைட். அதற்குப் பொருள் சொல்லும் அகராதியைக் கம்பெனி வெளியிடாது. லேப்டாப்பை மாட்டி, காரை ஓட்டி, சார்ஜ் குறையக் குறைய எந்த மதிப்பு கூடவே குறைகிறது என்று பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். உதாரணமாக, நிசானின் லீஃப் என்ற எலெக்ட்ரிக் காரில் 55பி என்ற செய்தியின் முதல் பத்து பிட்டுகளில் சார்ஜ் இருக்கிறது. முதல் பைட் 205, அடுத்த பைட்டின் முதல் இரண்டு பிட் 3 என்றால், 205-ஐ நான்கால் பெருக்கி மூன்றைக் கூட்டினால் 823, அதாவது 82.3 சதவீதம். ஒருவர் கண்டுபிடித்தது எல்லா லீஃப்காரருக்கும் பயன்பட்டது.

அடி விழுந்தது வேறு பக்கத்திலிருந்து. அமெரிக்காவில் ஏடி&டி நிறுவனம் 2017 பிறந்ததும் 2ஜி சேவையை மூடியது. கம்பெனியே பொருத்திக் கொடுத்த கருவிகளும் தப்பவில்லை. பழைய லீஃப் கார்களில் அந்தப் பாகத்தையே 3ஜிக்கு மாற்ற வேண்டியிருந்தது. 2022 பிப்ரவரியில் அதே நிறுவனம் 3ஜியையும் மூடியது. பிரிட்டனில் 2016-க்கு முந்தைய லீஃப்களுக்கான போன் செயலியை 2024 ஏப்ரலோடு நிசான் நிறுத்திக்கொண்டது. கார்கள் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன.

கார் பதினைந்து வருஷம் ஓடும்; அதற்குள் நெட்வொர்க் ஒரு தலைமுறையாவது மாறிவிடும். ஓவிஎம்எஸ்ஸின் மூன்றாம் தலைமுறை வடிவமைப்பு முழுக்க இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. மூளையாக இருப்பது வைஃபையும் புளூடூத்தும் உள்ள இஎஸ்பி32 சிப், 16 மெகாபைட் ஃபிளாஷ், மூன்று கேன் பஸ் இணைப்புகள். மோடம் மட்டும் தனி போர்டு. வீட்டு வைஃபை போதும் என்பவர் மோடமே வாங்க வேண்டாம். 3ஜி போர்டோடு வாங்கியவர்கள் பிறகு அதைக் கழற்றிவிட்டு 4ஜி போர்டைச் செருகிக்கொண்டார்கள், பெட்டி அதேதான். பல்ப் ஃப்யூஸ் போனால் யாரும் வீட்டு வயரிங்கைப் பிடுங்குவதில்லையே!

மென்பொருளிலும் அதே பிரிப்பு. லீஃப், ரெனோ ட்விசி, கியா சோல் என்று ஒவ்வொரு காருக்கும் தனித்தனிப் பகுதி. அது காரின் பாஷையைப் பொதுப் பெயர்களுக்கு மாற்றிக் கொடுத்துவிடும். செயலிக்கு எந்தக் கார் என்ற கவலை இல்லை. காரை நாள்கணக்கில் நிறுத்திவைத்தால் 12 வோல்ட் பேட்டரியை இந்தக் கருவியே காலி செய்துவிடும் என்பதால், பேட்டரி இறங்கும்போது மோடத்தை அணைத்துவிடும் ஏற்பாடும் உண்டு.

எல்லாம் முன்னேற்றம் என்று சொல்லிவிட முடியாது. அன்று கருவி எளியது, காரின் கம்பி திறந்து கிடந்தது. இன்று கருவிக்கு வலு கூடியிருக்கிறது. பல கார்களின் கதவோ சாத்தப்பட்டுவிட்டது. ஃபியட் கிரைஸ்லர் 2018 முதல் தன் கார்களில் வெளிக் கருவிகளைத் தடுக்கும் கேட்வே வைத்தது. ஐரோப்பாவில் 2024 ஜூலை முதல் புதிதாக விற்கும் கார் எதுவானாலும் இணையப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட வேண்டும். தடுப்புக்கு நியாயம் உண்டு. காரின் அடையாள எண் தெரிந்தால் போதும், யாருடைய லீஃபின் ஏசியையும் இணையம் வழியே போடலாம் என்பது 2016-ல் அம்பலமாகி, நிசான் தன் செயலியையே கொஞ்ச காலம் நிறுத்திவைக்க நேர்ந்தது. அந்த ஓட்டை இருந்தது கம்பெனியின் மூடிய அமைப்பில்தான் என்பதையும் மறக்கக் கூடாது. பூட்டு வேண்டியதுதான், ஆனால் ஒரு சாவி வாங்கியவரிடமும் இருக்க வேண்டும்.

எலெக்ட்ரிக் வண்டி வாங்கப் போகிறவர்கள் ரேஞ்சும் விலையும் விசாரிப்பதோடு இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்: உள்ளே இருக்கும் மோடத்தைப் பிறகு மாற்ற முடியுமா? கம்பெனி சர்வரை மூடிவிட்டால் என் வண்டியின் தகவல் எனக்குக் கிடைக்குமா? பதில் ‘இல்லை’ என்றால், அந்த வசதிக்கென்று கூடுதலாக ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.