தகவல் துளி: நாட்டின் நிலையான முதலீடு

அணை, சாலை, ஆலை, இயந்திரம் எனப் பல ஆண்டுகள் பயன் தரும் சொத்துகளை உருவாக்க ஒரு நாடு ஓராண்டில் செய்யும் செலவே மொத்த நிலையான மூலதன ஆக்கம் எனப்படுகிறது. இந்தியாவில் இதைத் தேசியப் புள்ளியியல் அலுவலகம் கணக்கிடுகிறது.

1950-களின் தொடக்கத்தில் இது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக இருந்தது. ஐந்தாண்டுத் திட்டங்களின் காலத்தில் பெரிய கட்டுமானங்களை அரசே முன்னின்று நடத்தியது. 1976-இல் திறக்கப்பட்ட இடுக்கி நீர்மின் திட்டம் அதற்கு ஒரு சான்று. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கோவையின் குடிநீருக்காக 1973-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி தமிழ்நாட்டின் செலவில் எழுந்த சிறுவாணி அணை மற்றொன்று.

1991-இன் பொருளாதாரச் சீர்திருத்தத்துக்குப் பின் தனியார் முதலீடு பெருகியது. 2011-12-இல் நிலையான முதலீட்டின் பங்கு சுமார் 34 விழுக்காட்டை எட்டியது. வங்கிகளின் வாராக்கடனும் நிறுவனங்களின் கடன் சுமையும் பின்னர் அதைக் கீழே இழுத்தன. கொரோனா ஆண்டான 2020-21-இல் அது சுமார் 27 விழுக்காடாகக் குறைந்தது. அதன்பின் சாலை, ரயில் பணிகளுக்கு அரசு கூடுதலாகச் செலவிட்டதால், மீண்டும் 30 விழுக்காட்டை ஒட்டி உயர்ந்தது.

சொத்துகள் ஆண்டுதோறும் தேய்கின்றன. அந்தத் தேய்மானத்தைக் கழித்தபின் மிஞ்சும் நிகர முதலீடே நாட்டின் உற்பத்தித் திறனை உயர்த்துகிறது.