ஓடாவியார் வீட்டுக் கணக்குக் கொப்பி

வரி என்ற சொல் செவியில் வீழ்ந்தமாத்திரத்தே முகஞ் சுளியாதவர் நம்மவருள் மிகச் சிலரே. வரியைப் பற்றி ஆத்திரத்தோடு பேசுவோர் பலர். அச்சத்தோடு பேசுவோர் அவர்களினும் பலர். ஆனால், அது எவ்வாறு கணிக்கப்படுகின்றது, உத்தியோகத்தர் வாயிலில் வந்து நின்றால் நாம் காட்டவேண்டியது யாது என்று அமைதியாக இருந்து ஆராய்வோர் அரியர். சம்பளம் பெறுவோருக்கு இவ்வாராய்ச்சி பெரிதும் வேண்டுவதில்லை. அவர்தம் வரி, சம்பளம் கைக்கு வருமுன்பே கழிக்கப்பட்டுவிடும். தம் கையையும் கருவியையும் நம்பி வாழும் ஓடாவியார், மேசன்மார், பொற்கொல்லர், தையற்காரர், மின்சார வேலை செய்வோர், மோட்டார் திருத்துவோர் ஆகியோரின் நிலை வேறு. அவர்களுக்கு வரியைக் கணிப்பவரும் அவர்களே; கணித்ததற்குச் சாட்சி காட்டவேண்டியவரும் அவர்களே. அவர்களையும் அவர்தம் இல்லத்தரசியரையும் மனத்திற் கொண்டே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

வரி வந்த வழி

நம் நாட்டில் எளிய தொழிலாளர்மீது வரி விழுந்த வரலாறு இனியதன்று. 1848ஆம் ஆண்டில், தேசாதிபதி டொரிங்டன் பிரபுவின் ஆட்சியிலே, துவக்கு, நாய், வண்டி, கடை என்பவற்றுக்கெல்லாம் கட்டணம் விதிக்கப்பட்டது. வீதியமைப்பதற்கென ஆண்டுக்கு ஆறு நாள் உடலுழைப்புக் கொடுத்தல் வேண்டும், அன்றேல் பணங் கட்டுதல் வேண்டும் என்றும் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே மாத்தளையிற் கிளர்ச்சி மூண்டது. உள்ளவனையும் இல்லாதவனையும் ஒரே கோலால் அளந்தமையே அவ்வரிகளின் பெருங்குறையாகும்.

அவரவர் வருமானத்தை அளந்து வரி விதிக்கும் முறை, 1932ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வருமான வரிக் கட்டளைச் சட்டத்தோடு இங்கு வந்தது. அதன்பின் சட்டங்கள் பலமுறை மாறின. இன்று நடைமுறையிலுள்ளது, 2018 ஏப்ரல் முதலாந் திகதி தொடங்கிச் செயற்படும் 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உண்ணாட்டரசிறைச் சட்டமும் அதன் திருத்தங்களுமாம்.

2022 ஏப்ரலில் நம் நாடு வெளிநாட்டுக் கடன்களை மீளச் செலுத்த இயலாது கைவிரித்ததை எவரும் மறந்திருக்கமாட்டார். அதற்கு முந்திய மாதத்திலே கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. அரசின் வருவாய் வற்றினால் துன்பம் திறைசேரியோடு நின்றுவிடாது. நம் பிள்ளைகளின் மேசைக்கே வந்துவிடும். அந்நெருக்கடியின் பின்னரே வரி வலை அகலமாக வீசப்பட்டது. பதினெட்டு வயது நிரம்பியோர் வரி செலுத்துநர் இலக்கம் பெறவேண்டும் என்ற விதியும் அவ்வழியே வந்தது. ஈண்டு ஒன்றைத் தெளிவாக அறிதல் வேண்டும்: இலக்கம் பெறுதல் வேறு, வரி கட்டுதல் வேறு. இலக்கம் பெற்றார் அனைவரும் வரி கட்டவேண்டியவரல்லர்.

வரவு வேறு, இலாபம் வேறு

தொழிலாளர் பலரும் மயங்குமிடம் இது. வருமான வரி என்பது கைக்கு வந்த பணம் முழுவதின்மீதும் விதிக்கப்படுவதன்று. தொழிலுக்கெனச் செய்த செலவு போக எஞ்சும் இலாபத்தின்மீதே விதிக்கப்படுவது. அதிலும், 2025 ஏப்ரல் முதலாந் திகதியிலிருந்து ஆண்டொன்றுக்கு 18 இலட்சம் ரூபா தனியாள் நிவாரணமாகக் கழிக்கப்படும். அதற்கு மேற்பட்ட முதல் 10 இலட்சத்துக்கு நூற்றுக்கு 6 வீதமும், அடுத்த ஐந்தைந்து இலட்சங்களுக்கு முறையே 18, 24, 30 வீதமும், எஞ்சியதற்கு 36 வீதமும் வரியாகும்.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்குவோம். ஓர் ஓடாவியார் ஓராண்டிலே கதவு, யன்னல், அலுமாரி செய்து கொடுத்து 42 இலட்சம் ரூபா பெற்றார் என்க. மரம், ஆணி, பிணைச்சல், வாணிசு ஆகியவற்றுக்கு 20 இலட்சம். உதவியாளின் கூலி 4 இலட்சம். பட்டறை வாடகை, மின்சாரம், ஏற்றுக்கூலி எல்லாம் 1 இலட்சம். ஆகச் செலவு 25 இலட்சம். இலாபம் 17 இலட்சம். வேறு வருமானம் இல்லையாயின், அவர் ஒரு சதமேனும் வரி கட்டவேண்டியதில்லை.

இனி, அவரிடம் செலவுக்கு ஒரு துண்டுச் சான்றும் இல்லையென்று கொள்வோம். வங்கிப் புத்தகமோ 42 இலட்சம் வந்ததென்று சொல்கின்றது. முழுவதும் இலாபமென்று மதிப்பிடப்படின், நிவாரணம் போக 24 இலட்சத்துக்கு வரி 3,90,000 ரூபா. அத்துணைக் கடுமையாக எவரும் மதிப்பிடார் எனலாம். செலவிற் பாதியை ஏற்றுக்கொண்டு மதிப்பிட்டாலும் வரி 87,000 ரூபா ஆகின்றது. மனிதர் ஒருவரே, தொழில் ஒன்றே, இலாபமும் ஒன்றே. சான்று உண்டாயின் வரி இல்லை. சான்று இல்லையாயின், உழையாத இலாபத்துக்கு உழைத்த பணத்திலிருந்து வரி கட்டவேண்டியதாகின்றது.

கணக்கு இல்லாதவிடத்து உத்தியோகத்தர் தம் அறிவுக்கெட்டியவாறு மதிப்பிடச் சட்டம் இடமளிக்கின்றது. அம்மதிப்பீடு பிழையென்று காட்டும் பொறுப்போ வரி செலுத்துபவரையே சாரும். வாயாற் சொல்வது உண்மையேயாயினும், தாளில்லாத உண்மை அவ்விடத்தில் வலுவற்றதாய் நிற்கும்.

இரண்டு ஆண்டுகள், இரண்டு முடிவுகள்

எமக்கு நன்கு அறிமுகமான ஓடாவியார் ஒருவர் உளர். கைத்திறனிலும் நாணயத்திலும் குறை சொல்ல முடியாதவர். அவருடைய வங்கிக் கணக்கிற் பெருந்தொகைகள் வரவாகியிருந்தன. வெளிநாட்டிலிருக்கும் உறவினர் தம் வீட்டுக் கூரைக்கு மரம் வாங்கும்படி அனுப்பிய பணமும், பிறர் கொடுத்த முற்பணமும், தம் கூலியும் ஒரே கணக்கில் ஒன்றாய்க் கலந்து கிடந்தன. இரண்டு ஆண்டுகளுக்குரிய விளக்கம் கேட்டுக் கடிதங்கள் வந்தன.

அவ்விரண்டாண்டில் பிந்திய ஆண்டு தொடங்கியபோது, அவர்தம் மனைவியார் நூற்றறுபது பக்கக் கொப்பி ஒன்றில் வரவு செலவு எழுதத் தொடங்கியிருந்தார். அந்நாளில் அவ்வீட்டில் நிகழ்ந்த உரையாடலை அவ்வம்மையாரே எமக்குக் கூறினார்.

“இஞ்சாருங்கோ, நேற்று வாங்கின மரத்துக்குச் சிட்டை எங்கை?”

“மரம் முத்தத்திலை கிடக்கு. கண்ணாலை காணேல்லையே? சிட்டை என்னத்துக்கு?”

“மரம் கதவாகிப் போயிடும். பிறகு சிட்டைதான் மிஞ்சும்.”

அவ்வொரு வாக்கியம் ஒரு கணக்காளருக்குரிய அறிவு முழுவதையும் அடக்கியது. கொப்பி எழுதிய ஆண்டுக்குரிய விசாரணை ஒரு முற்பகலில் முடிந்தது. உறவினர் அனுப்பிய பணம் இன்ன திகதியில் வந்து, இன்ன மரக்காலையிற் செலவாயிற்று என்பதற்குச் சிட்டை இருந்தது. அத்தொகை அவர் வருமானத்திற் சேர்க்கப்படவில்லை.

முந்திய ஆண்டுக்கோ கொப்பியும் இல்லை, சிட்டையும் இல்லை. அவ்வாண்டுக்குரிய மதிப்பீட்டு அறிவித்தல் சுவாமிப் படத்தின் பின்னே இரண்டு மாதம் வாசிக்கப்படாமற் கிடந்தது. மறுத்துரைப்பதற்குரிய முப்பது நாளும் கடந்துவிட்டன. விதித்த வரியைக் கட்டுவதற்கு அம்மையாரின் காப்புச் சோடி அடகு வைக்கப்பட்டது. ஏமாற்றும் எண்ணம் அவ்வில்லத்தில் எவருக்கும் என்றும் இருந்ததில்லை. ஒரு கொப்பி இல்லாமற் போனதன் விலை அது.

கணக்கு எழுதும் முறை

கணக்கென்றதும் இரட்டைப் பதிவுப் பேரேட்டை நினைந்து அஞ்சவேண்டியதில்லை. கூட்டலும் கழித்தலும் அறிந்த எவரும் சிறுதொழிற் கணக்கை எழுதலாம். தமிழ் இந்நாட்டின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாகலின், ஆங்கிலம் தெரியாதென்று தயங்கவும் வேண்டியதில்லை.

கொப்பியின் இடப்பக்கத்தில் வரவையும் வலப்பக்கத்தில் செலவையும் அன்றன்றே எழுதுக. வேலை முடித்துப் பணம் வாங்கும்போது பற்றுச்சீட்டுக் கொடுத்து, அதன் பிரதியை வைத்துக்கொள்க. வாங்கும் பொருளுக்குச் சிட்டை கேட்டுப் பெற்று, மாதத்துக்கு ஓர் உறையாக இட்டு வைக்க. உதவியாளுக்குக் கூலி கொடுத்தால், திகதியும் தொகையும் எழுதி அவரிடம் கையொப்பம் பெறுக. வீட்டுச் செலவுக்கும் தொழிலுக்கும் வெவ்வேறு வங்கிக் கணக்கு வைத்தல் பெருநன்மை பயக்கும். வீட்டுச் சாப்பாடு, பிள்ளைகளின் உடுப்பு, கோயிற் செலவு ஆகியன தொழிற் செலவாகா. வாள், துளைகருவி, தையல் இயந்திரம் போன்ற நீடித்து உழைக்கும் கருவிகளின் விலையைப் பொதுவாக ஓராண்டிலேயே முழுதும் கழிக்க இயலாது. ஆண்டுதோறும் பகுதி பகுதியாகவே கழித்தல் வேண்டும். ஆதலால் அவற்றின் சிட்டைகளைத் தனியே பேணுதல் நன்று.

வரி ஆண்டு சித்திரைப் புத்தாண்டோடு ஏறக்குறைய இணைந்து, ஏப்ரல் முதலாந் திகதி தொடங்கி மார்ச் 31ஆந் திகதி முடிவுறும். வருமான விவரத்தை நொவெம்பர் 30ஆந் திகதிக்கு முன் அனுப்புதல் வேண்டும். வரி கட்டவேண்டியோர் ஓகஸ்ட், நொவெம்பர், பெப்ருவரி, மே ஆகிய மாதங்களின் 15ஆந் திகதிகளிலே தவணையாகச் செலுத்துவர். ஆண்டு முடிந்தபின் தாள்களைக் கடலை சுற்றக் கொடுத்துவிடாது, ஐந்து ஆண்டுகளுக்கேனும் பேணி வைத்தல் அறிவுடைமையாம்.

தாளின் மதிப்பு நம்மவர்க்குச் சொல்லித் தெரியவேண்டியதன்று. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் வீடு வாசலை விட்டுப் புறப்பட்டபோது, காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் மார்போடு அணைத்துச் சென்றனர். அத்தாள்களே பின்னாளில் அவர்களுக்கு நிலத்தையும் பெயரையும் மீட்டுக் கொடுத்தன. காணிக்கு உறுதி எப்படியோ, உழைப்புக்குக் கணக்குக் கொப்பி அப்படி. வங்கியிற் கடன் கேட்கும்போதும், பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பும்போதும் அக்கொப்பியே அவர்தம் வருமானத்துக்குச் சாட்சி கூறும்.

உத்தியோகத்தர் வரும்போது

பரிசோதனைக்கு வருபவரைப் பகைவராகக் கருதி ஒளித்தலும் தவறு. தெய்வமாகக் கருதி நடுங்குதலும் தவறு. வந்தவரை இருக்கச் செய்து, அவர்தம் அடையாள அட்டையையும் அதிகாரக் கடிதத்தையும் காட்டுமாறு பணிவோடு கேட்கலாம். கேட்டதற்கு மட்டும் உள்ளதை உள்ளபடி விடை கூறுக. தெரியாததைத் தெரியுமென்று சொல்லற்க. கொப்பிகளைக் கொண்டுசெல்ல நேரின், இன்னின்ன கொண்டுசெல்லப்பட்டன என்று எழுதிக் கையொப்பம் பெறுக. பொருள் விளங்காத தாளிற் கையொப்பமிடற்க; வாசிப்பித்து அறிய அவகாசம் கேட்கலாம்.

கையிற் பணம் கொடுத்து விஷயத்தை முடித்துவிடலாம் என்று எவரேனும் சொன்னால், அவர் நண்பரல்லர். வரிப்பணம் திணைக்களத்தின் கணக்குக்கே செலுத்தப்படவேண்டியது. கைலஞ்சம் வாங்கியவரோடு கொடுத்தவரும் குற்றவாளியாவர். மதிப்பீடு தவறென்று கருதின், அறிவித்தல் கிடைத்த முப்பது நாளுக்குள் ஆணையாளர் நாயகத்துக்கு எழுத்து மூலம் மீளாய்வு கோரலாம். அதன்பின்னரும் நீதி கிட்டாதாயின், 2011ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த வரி மேன்முறையீட்டு ஆணைக்குழு உண்டு. ஆதலால் அரசாங்கக் கடிதம் வந்தால், முதலில் உறையைக் கிழித்து வாசிக்க; வாசித்த நாளை உறையின்மேலே குறித்து வைக்க.

இருபாலார்க்கும் உரிய கடமை

“சம்பளக்காரர் மட்டுமே வரி கட்டுகின்றனர், சுயதொழில் செய்வோரெல்லாம் ஏய்க்கின்றனர்” என்று எம்போன்ற உத்தியோக வகுப்பினர் பேசுவதைப் பலமுறை கேட்டிருக்கின்றோம். இஃது நீதியான பேச்சன்று. மாதம் தவறாது சம்பளம் வருவோருக்குக் கணக்கெழுத வேறொருவர் உளர். மழை பெய்தால் வேலையற்று, வேலை வந்தால் இரவு பகல் உழைக்கும் மேசனுக்கு அவ்வசதி இல்லை. அவர் வரியை ஏய்க்கின்றார் என்று கூறுமுன், அவருக்குக் கணக்கெழுதக் கற்பித்தோமா என்று நாம் கேட்டுக்கொள்ளல் வேண்டும். படித்த பிள்ளையொன்று கிழமைக்கு ஒரு மணி நேரம் தந்தையின் கொப்பியோடு இருந்தாற் போதும். அதுவே அக்குடும்பத்துக்குப் பெருங்காவலாம்.

1945ஆம் ஆண்டு தொடக்கம் இந்நாட்டிற் கல்வி இலவசமாயிற்று. ஓடாவியாரின் மகள் கட்டணமின்றிப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயில்வது வரிப்பணத்தின் பயனே. கட்டவேண்டிய வரியைக் கட்டுதல், அவ்வகையில், அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கடன் திருப்புதலை ஒக்கும்.

ஆயின், கணக்குக் காட்டும் கடமை குடிகளுக்கு மட்டும் உரியதன்று. விளைநிலத்திற் புகும் யானையைக் காட்டி, வரி கொள்ளும் முறையைப் பாண்டியன் அறிவுடைநம்பிக்கு எடுத்துரைத்தவர் பிசிராந்தையார். கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகள் பாராளுமன்றத்தின்முன் வைக்கப்படுகின்றன. அவற்றை வாசித்துக் கேள்வி கேட்கும் உரிமை நமக்கு உண்டு. தன் சிட்டைகளை ஒழுங்காக வைத்திருக்கும் ஓடாவியார், “என் கணக்கு இதோ, உங்கள் கணக்கு எங்கே?” என்று அரசைக் கேட்கும்போது, அக்கேள்விக்கு மறுக்கவொண்ணாத வலிமை உண்டாகின்றது.